இடது காலுக்கு ஒரு தக்கை

தேய்ந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவார் செருப்புக்கடைக்காரர். குதிகால் தேய்ந்தால் பிடிவாதக்காரன், முனை தேய்ந்தால் மாமியார் வீட்டோடு இருப்பவன் என்பார். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவர் மகள் காலை வாரிவிட்டது.

ஒன்பது வயதில் அவள் கிடங்கு ஏணியிலிருந்து குதித்து, இடது முட்டிக்கு மேல் அடிபட்டுக்கொண்டாள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில், சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுக்க வரச் சொன்னார்கள். அதற்குள் பெண் ஓடி ஆடத் தொடங்கிவிட்டாள். நல்லா இருக்கிற சரக்கை எவனாவது ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போவானா என்று மனைவியின் வாயை அடைத்துவிட்டார்.

அடுத்த வருடமே அவள் ஷூக்கள் ஒன்றுபோலத் தேயவில்லை. இடுப்பு லேசாகச் சாய்ந்தது. வேறொருவர் என்றால் டாக்டரிடம் ஓடியிருப்பார். இவர் கத்தியை எடுத்து, தக்கையைச் சீவி, இடது ஷூவுக்குள் ஒட்டினார். நடை நேரானது. ஒவ்வொரு புது ஷூவுக்கும் தக்கை கொஞ்சம் தடித்தது. அவளுக்குப் பதிமூன்று ஆனபோது, தக்கையும் காலும் சேர்ந்து எந்த ஷூவுக்குள்ளும் அடங்கவில்லை. மனைவிதான் இருவரையும் இழுத்துக்கொண்டு எலும்பு டாக்டரம்மாவிடம் வந்தாள்.

இத்தனை நாளாக நொண்டியதைக் கவனிக்கவில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். பிள்ளை நொண்டியதே இல்லை என்று அம்மா அடித்துச் சொன்னாள்.

“நொண்ட விட்டாத்தானே டாக்டர்? அப்பா உள்ள தக்கை வெச்சுத் தருவாரு. கடையில கூட அது மாதிரி கிடைக்காது” என்றாள் மகள், பெருமையாக.

டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதிதாக எடுத்த எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே மாட்டினார். எலும்பு நெடுக எல்லா இடத்திலும் வளராதாம். முனைக்குப் பக்கத்தில் மெல்லிய குருத்தெலும்புப் பட்டை ஒன்று உண்டு. அதில் உயிரணுக்கள், கடையில் ஷூ டப்பாக்களை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஒரு பக்கம் புதுசு வந்துகொண்டே இருக்கும். மறுபக்கம் பழசு உப்பி, கெட்டிப்பட்டு, செத்து இடம் விடும். அந்த இடத்தில் எலும்பு வந்து குடியேறும். வளர்த்தி என்பது அவ்வளவுதான். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் அன்று அது நசுங்கியது யார் கண்ணிலும் படவில்லை. ஆறும்போது எலும்பு அந்தப் பட்டைக்குக் குறுக்கே ஆணி அடித்ததுபோல் பாலம் போட்டுவிட்டது.

“ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா அந்தப் பாலத்தைச் சுரண்டி எடுத்திருப்பேன். வளர்றதுக்கு அப்ப நிறைய மிச்சம் இருந்துச்சு.”

இப்போது ஒரே வழி, நல்ல காலில் முட்டிக்கு மேலும் கீழும் உள்ள பட்டைகளை மூடிவிடுவது. இடது காலின் மற்ற முனைகள் வளர்ந்து ஓரளவு எட்டிப் பிடிக்கும். இனி வரவேண்டிய உயரம் போகும். அதையும் தள்ளிப்போட்டால் பலனில்லை.

உயரம்தான் அவள் உயிர். குள்ளர்கள் வீட்டில் அவள் ஒருத்திதான் தாய்மாமனைக் கொண்டு நெடுநெடுவென்று வந்தவள். பள்ளி வாலிபால் அணியில் வலையோரம் அவள் இடம். அப்பன் விடுவாரா? பேரம் பேசினார். பாதி மட்டும் மூடலாமா, ஆறு மாசம் பொறுக்கலாமா, இந்தக் காலையே இழுத்து நீட்ட முடியாதா? நீட்டலாம் என்றார் டாக்டரம்மா; எலும்பை வெட்டி, வெளியே கம்பி மாட்டி, மாதக்கணக்கில் வலியோடு இழுக்க வேண்டும், இந்த அளவு குறைக்கு அதைச் செய்ய மாட்டேன் என்றார். ஒரே விலைக் கடை.

“பண்ணிக்கிட்டா இன்னும் எவ்வளவு வளருவேன்?” மகள் கேட்டாள்.

“கொஞ்சம்தாம்மா.”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் முழங்கையைத் தட்டினாள்.

“விடுங்கப்பா. வலைகிட்ட நிக்காட்டி பின்னாடி நின்னு பந்து எடுக்கிறேன். அதுக்கும் ஆள் வேணும்ல.”

மகள் திட்டியிருந்தால் அவர் பதில் வைத்திருந்தார். எத்தனையோ பேரிடம் அடித்துப் பேசிக் குறைத்து வாங்கியவருக்கு, இது கேட்காமலே கிடைத்த தள்ளுபடி. வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. அறுவை சிகிச்சைக்கு எந்த நாள் என்று டாக்டரம்மா கேட்டார். சீக்கிரமான நாளைக் கொடுங்கள் என்று மட்டும் அவர் சொன்னார்.