வெள்ளத்தில் எண்ணியது

"தண்ணி வத்தினாப் பிறகு திரும்பப் போய் எண்ணவேணும், அங்கிள். அதுவரைக்கும் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

ஒன்ராரியோவின் மார்க்கம் நகரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் இதை மட்டும் கேட்கக்கூடாது. சேர்ந்த அன்றே அருள்நாயகம் அண்ணை சொல்லித் தந்தார். லீவு கேட்கலாம், சம்பளம் கூட்டிக் கேட்கலாம், முதலாளி கார் விடும் இடத்தைக்கூடக் கேட்கலாம். செய்து முடித்த கணக்கெடுப்பைத் திரும்பச் செய்யச் சொல்லக்கூடாது. கேட்டால் பிழை விட்டோம் என்று ஆகிவிடும்.

முதலாளி அன்புராசா கதிரையை என் பக்கம் திருப்பினார். அவரும் என் அப்பாவும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேல் பக்கம் ஒரே அறையில் படுத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அந்தப் பட்டத்துக்கு முதல் வேலை தந்தவர் அவர். மறக்க அம்மா விட்டால்தானே.

விஷயம் இதுதான். அமேசனில் விழும் ஒரு கிளையாறு. தாது ஏற்றும் பாரக் கப்பல்கள் போவதற்காக அதன் அடியைத் தோண்டப் போகிறார்கள். அங்கே இளஞ்சிவப்பு டொல்பின்கள் வாழ்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. எங்கள் அலுவலகத்துக் கிருபனும் இன்னும் சிலரும் போனார்கள். ஆற்றின் நடுவே படகில் நின்று எண்ணினார்கள், தண்ணீருக்குள் மைக் இறக்கிக் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று வந்தார்கள். அறிக்கையும் எழுதியாயிற்று. இங்கே உயிரியல் படித்தவள் நான் ஒருத்திதான், ஆகவே கையெழுத்து என்னுடையது. ஆனால் ஆற்றுக்கு நான் போகவில்லை. பெண்பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று அங்கிள் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

நேற்று மத்தியானச் சாப்பாட்டில் கிருபன் ஒரு படம் காட்டினான். படகு ஒரு மரத்தின் உச்சிக் கிளையில் கட்டப்பட்டிருந்தது. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது.

ஒன்ராரியோவில் தவளையோ பறவையோ, பனி உருகியபின் மேயிலும் ஜூனிலும்தான் எண்ணுவோம். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் ஜூனுக்கே விமான ரிக்கெற் போட்டிருக்கிறார்கள். ஜூனில் அந்த ஆறு கரையை மீறிக் காட்டுக்குள் பரந்து நிற்கும். மீன்கள் மரங்களுக்கிடையில் போய்விடும், பின்னாலேயே டொல்பின்களும். கழுத்து வளையும் டொல்பின் அது, அடிமரங்களுக்கிடையில் புகுந்து திரும்பும். நடு ஆற்றில் அதைத் தேடுவது, தேர்த் திருவிழா நாளில் வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சனம் எண்ணுவது மாதிரி.

இதையெல்லாம் சொன்னேன். அங்கிள் முழுவதும் கேட்டார்.

"மைக்கிலயும் ஒண்டும் கேக்கேல்லைத்தானே, பிள்ளை?"

"மைக் கிடந்தது நடு ஆத்தில. டொல்பின் நிண்டது காட்டுக்குள்ள."

"நீர் கண்டனீரோ?"

"விட்டால்தானே காண."

அருள்நாயகம் அண்ணை தன் கணினியைப் பார்த்தபடி இருமினார்.

அங்கிள் வேறு பக்கத்தால் வந்தார். உதுகள் எப்படியும் அழியப்போகிறவை என்றார். வறட்சியில் ஏரித் தண்ணீர் சூடேறிச் செத்து மிதக்கவில்லையா, கெளுத்தி பிடிக்க இரையாக வெட்டவில்லையா, தங்கம் அரிப்பவர்கள் பாதரசம் விடவில்லையா, அதெல்லாம் எங்கள் அறிக்கையாலா நடந்தது என்று கேட்டார். எல்லாம் உண்மை. எத்தனை மிச்சமிருக்கின்றன என்று எவருக்கும் சரியாகத் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் அறிக்கையில் இல்லாத விலங்குக்காக எவரும் தோண்டும் இயந்திரத்தை நிறுத்தப்போவதில்லை.

அவர் போனை எடுத்து அம்மாவை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"யோகமலர், உம்மட மகள் டொல்பினுக்கு வக்கீலாப் போயிட்டா."

அம்மாவுக்குப் பின்னால் தொழிற்சாலை இரைந்தது. "அட்சயா, அங்கிள் சொல்லுறதைச் செய்."

"என்னை அங்க விடவேண்டாமெண்டு சொன்னது நீங்கள்தானே, அம்மா? போகாத இடத்தில ஒண்டுமில்லையெண்டு நான் என்னெண்டு எழுதுறது?"

"பாம்பு கடிச்சிருந்தா? உனக்கு நல்லதுக்குத்தானே செய்தது."

அங்கிள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை என் முன் தள்ளினார். வாடிக்கையாளர் பின்னேரம் அதை எதிர்பார்த்திருந்தார். நான் பேனையைத் தொடவில்லை. இந்த நாட்டில் உயிரியல் படித்தவள் நான் மட்டும்தானா என்று கேட்டார். நாளைக்கே வேறொருவரை எடுப்பாராம். எடுப்பார். எனக்கு அது தெரியும். நான் கையெழுத்து வைக்காமல் விடுவதால் மட்டும் அந்த ஆறு தப்பாது.

"எடுங்கோ. தோண்ட அனுமதி குடுக்கிற ஆக்களுக்கு நான் இண்டைக்கே எழுதுறன். வெள்ளத்தில போய் எண்ணினதெண்டு, என்ர பேரிலேயே."

அவர் எழுந்தார். இவ்வளவு நேரமும் என்னை அழைத்த 'நீர்' போய் 'நீ' வந்தது.

"எழுதினா உனக்கு இந்த ஊரில ஆர் வேலை தருவினம்?"

பையைத் தோளில் மாட்டினேன். அருள்நாயகம் அண்ணை என் கண்ணைப் பார்க்காமல் காலை இழுத்து வழிவிட்டார். மேசையில் அம்மா என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்து வெளியே நடந்தேன்.