இசைத்தட்டில் இல்லாத துண்டு

போர்வைமேல் அப்பாவின் வலது கை பியானோ வாசிப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. மியூரியல் குனிந்து உட்கார்ந்து, அந்த விரல்களோடு சேர்ந்து மனதுக்குள் பாடிப் பார்த்தாள். முதல் மெட்டு சரியாக வந்தது. அடுத்து இரண்டாவது மெட்டு தொடங்க வேண்டும். விரல்கள் தொடங்கவில்லை. எட்டுத் தாளத்துக்கு வேறு எதையோ தட்டின. சுண்டுவிரல் ஒரு முறை உயர்ந்து காத்திருந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டாவது மெட்டுக்குப் போயின.

விடிந்ததிலிருந்து இப்படித்தான். வாசிப்பது ‘குடை மறந்தவள்’ என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இங்கிலாந்தில் வானொலி இருக்கும் எந்த வீட்டிலும் அதன் தொடக்கம் தெரியும். இல்லத்தரசிகளுக்கான காலை நிகழ்ச்சிக்கு அதுதான் அடையாள இசை. அப்பா கத்பர்ட் லார்வில் தேநீர்க்கூடங்களுக்கும் கடற்கரை மேடைகளுக்குமாக எத்தனையோ மெட்டுகள் எழுதினார். ஜனங்களிடம் நின்றது இது ஒன்றுதான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் பியானோவில் வாசித்துக்காட்டியே வளர்ந்தவள் மியூரியல். அச்சிட்ட தாளில் முதல் மெட்டு முடிந்த கையோடு இரண்டாவது வந்துவிடும். நடுவில் எதுவும் கிடையாது.

மறதி என்றால் ஒரு முறை தப்பும். இன்னொரு முறை வேறு இடத்தில் தப்பும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே எட்டுத் தாளம் எப்படி வரும்? அது என்ன சுரம் என்றும் தெரியவில்லை. போர்வைக்கு ஒலி இல்லை.

“அப்பா, நடுவுல ஏதோ வாசிக்கிறீங்களே, அது என்னது?”

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். “அது அவனுது.”

“யாரோடது?”

விரல்கள் மறுபடி முதல் மெட்டுக்குத் திரும்பின. மதியத்துக்கு முன்னால் விரல்கள் நின்றன. கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றது.

நர்ஸ் ஹாப்டே வந்து உடம்பைத் துடைத்து, தலையைப் படிய வாரி, சாவு வீட்டு வழக்கப்படி ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடினாள். பிறகு கெட்டிலை அடுப்பில் வைத்தாள். மியூரியல் சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் காதில் அந்த ஒரு சொல்தான் ஓடியது. அவனுது. எட்டுத் தாளம் மட்டும் இன்னொருவனுடையதாக இருக்குமா, அல்லது முழுவதுமேவா?

உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து இரங்கல் குறிப்புக்காகப் போன் வந்தது. “‘குடை மறந்தவள்’ எழுதினது உங்கப்பாதானே மிஸ் லார்வில்? சும்மா ஒரு தடவை கேட்டுக்கிறோம்.”

“ஆமாம்” என்றுதான் சொல்ல நினைத்தாள். “சாயங்காலம் கூப்பிடுங்க” என்று வாயில் வந்தது.

மூன்று மணி போல வாசல் மணி அடித்தது. முழங்கை தேய்ந்த கோட்டோடு, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு கிழவர் நின்றிருந்தார். மூடியிருந்த திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாமதமா வந்துட்டேன் போலிருக்கே” என்றார். “நான் டீக்கின். லண்டன்லேருந்து வர்றேன். உடம்பு முடியலன்னு கேள்விப்பட்டேன். நீ மியூரியல்தானே? மேஜைக்கு அடியில உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருப்ப.”

அவளுக்கு நினைவில்லை. அந்தப் பெயரை மட்டும் ஒரே ஒரு முறை கேட்டிருந்தாள். அம்மா சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

“மாடியில இருக்கார். பாக்கறீங்களா?”

“அப்புறம் பாக்கறேன்மா. அந்தப் பழைய பியானோ இன்னும் இருக்கா?”

அவரை முன்னறையில் விட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். ஹாப்டே குரலைத் தாழ்த்தினாள். “யாரு கண்ணு அது?”

“அப்பாவோட பழைய சிநேகிதராம். முப்பது வருஷமா வரல.”

“இன்னிக்கு வந்துட்டாராக்கும். எங்க மாமியார் செத்த அன்னிக்கு ஒரு தூரத்து மச்சான் வந்து தேம்பித் தேம்பி அழுதான். அவன் போனப்புறம் பாத்தா சுவர்க் கடிகாரத்தக் காணோம். டீயக் கொண்டுபோய்க் குடுத்துட்டு அங்கயே நில்லு.”

மியூரியல் டீத் தட்டோடு போனாள். கதவருகில் நின்றுவிட்டாள். பியானோவின் மூடி திறக்கப்படவில்லை. மூடிய மரத்தின் மேல் கிழவரின் வலது கை ஓடிக்கொண்டிருந்தது. முதல் மெட்டு முடிந்தது. கை நிற்கவில்லை, எட்டுத் தாளம் தட்டியது. நடுவில் சுண்டுவிரல் உயர்ந்து காத்திருந்தது. பிறகு இரண்டாவது மெட்டு.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கோப்பைகள் மோதின.

“மிஸ்டர் டீக்கின், ஒண்ணு கேக்கணும். அத நீங்கதான் எழுதினீங்களா?”

“எத?”

“‘குடை மறந்தவள்’. முழுசையும்.”

அவர் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். “நான் எழுதியிருந்தா இந்தக் கோட்டையா போட்டுட்டு வந்திருப்பேன்?”

அவள் சிரிக்கவில்லை. அவர் மூடியைத் தடவியபடி சொல்ல ஆரம்பித்தார்.

“உங்கப்பன் பியானோவுக்கு ரெண்டு வரியில எழுதிக் குடுப்பான். இது வயலினுக்கு, இது கிளாரினெட்டுக்கு, இந்த எடத்துல எல்லாரும் சும்மா இருங்கன்னு பிரிச்சு எழுதுறது என் வேலை. ரெண்டு மெட்டும் அவனோடதுதான். ஆனா முதல் மெட்டு ஒரு சுருதியில முடியுது, அடுத்தது வேற சுருதியில ஆரம்பிக்குது. இவன் தவள மாதிரி தாவினான். நான் நடுவுல படி கட்டினேன். எட்டே படி. பேண்டுக்காரங்க அத வாசிக்கறப்ப நிமிந்து உக்காருவாங்க.”

“தாள்ல அது இல்லையே.”

“இருந்துச்சு. இசைத்தட்டுல பதிவு பண்ணப் போனான், நான் ஊர்ல இல்ல. திரும்பி வந்தா படியக் காணோம். தட்டுல என்ன வந்துச்சோ அதையேதான் தாள்லயும் அச்சடிச்சாங்க. ஏண்டா வெட்டினேன்னு கேட்டா, தட்டுல எடம் இல்லன்னான். எடம் இல்லாம போக அது என்ன பஸ்ஸா? டீக்கின் கை வச்சதாலதான் நல்லா இருக்குன்னு எவனாவது சொல்லிடுவானோன்னு வெட்டிட்டான். அதை அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். அன்னியோட முடிஞ்சுது பேச்சு.”

செத்தவரிடம் சரிபார்க்க முடியாத கதை. மியூரியல் பியானோ மூடியைத் திறந்தாள்.

“அந்தத் துண்ட மட்டும் வாசிங்க. மெதுவா.”

அவர் வாசித்தார். அவள் கண் விரல்களை விடவில்லை. காலையில் பார்த்த தட்டல்கள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் சுரங்களில் உட்கார்ந்தன. சுண்டுவிரல் காத்திருந்த இடத்தில் ஒரு சுரம் தொங்கி நின்று, பிறகு இறங்கியது. அது அழகாக இருந்தது. அப்பாவுடைய பாணியே இல்லை.

“இன்னிக்குக் காலையில அப்பா இத வாசிச்சார்” என்றாள். “போர்வைமேல. ஒரு தடவகூட விடாம.”

டீக்கின் கையை எடுத்துக்கொண்டார். “எழவு வீட்டுல வந்தவங்களுக்கு ஆறுதலா ஏதாவது சொல்லத் தோணும். வேணாம்மா.”

அவள் பியானோவின் மரத்தில் வலது கையை வைத்து எட்டுத் தாளத்தையும் தட்டிக்காட்டினாள். சுண்டுவிரலை உயர்த்திக் காக்கவைத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அது என்னதுன்னு கேட்டேன். ‘அது அவனுது’ன்னார்.”

 டீக்கின் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். கதவிடுக்கில் ஹாப்டேயின் ஏப்ரன் தெரிந்து மறைந்தது.

“பத்திரிகைக்காரன் கேட்டா உங்கப்பன் எழுதினதுன்னு சொல்லு” என்றார் கடைசியில். “அது நெசம். ஆனா இவ்வளவு பிடிச்சிருந்தா எதுக்கு வெட்டினான்? அதான் எனக்கு விளங்கல.”

“தட்டு உங்ககிட்ட இருக்கா?”

“அத நான் வாங்குவேனா? வானொலியில ஆரம்பத்த மட்டும் போடறாங்க, அதுக்கே காதப் பொத்திக்குவேன்.”

அலமாரியிலிருந்து அவள் அந்த இசைத்தட்டை எடுத்தாள். எத்தனையோ முறை ஊசியை வைத்திருக்கிறாள். தட்டையே உற்றுப் பார்த்ததில்லை. கூடவே அப்பாவின் வால்ட்ஸ் நடன இசைத்தட்டு ஒன்றையும் எடுத்தாள். ஜன்னல் திரையைக் கையளவு விலக்கி, இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

வால்ட்ஸ் தட்டில் இசைக்கோடுகள் பாதி வழியிலேயே முடிந்திருந்தன. அங்கிருந்து நடுவில் ஒட்டிய காகிதம் வரைக்கும் கோடில்லாத கறுப்பு வளையம் பளபளத்தது. பாட்டு இன்னும் நீண்டிருந்தால் ஊசி அதற்குள் போயிருக்கும். மிச்சம் இருந்த இடம் அது.

அவள் அதை வைத்துவிட்டு ‘குடை மறந்தவள்’ தட்டை நீட்டினாள். அதில் கோடுகளே நெருக்கி நெருக்கிப் போடப்பட்டிருந்தன. டீக்கின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தட்டை முகத்தருகே கொண்டுபோனார். கடைசிக் கோட்டுக்கும் காகிதத்துக்கும் நடுவே கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் காகிதத்தின் மேல் ஏறியது.

தட்டில் இடம் இல்லை.