வழவழப்பான தட்டு

விதாத் வெட்டிய புழுக்களுக்குத் தலை முளைக்கவில்லை. எம்னா வெட்டியவற்றுக்கு முளைத்தது.

கேபஸ் ஊர்ப் பேரீச்சந்தோப்பு வாய்க்கால்களில் கலந்துவரும் காட்மியம் என்ற உலோக விஷம், வெட்டுப்பட்ட தட்டைப்புழு மறுபடி தலை வளர்ப்பதைத் தடுக்கிறதா என்று பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருவரும் தனித்தனியே சோதித்தார்கள். முதலில், விஷம் கலக்காத தண்ணீரில் தலை முளைத்தாக வேண்டும். அதுவே முளைக்காவிட்டால் சோதனை செல்லாது. சோதனை தேறுகிறவளைப் பார்சிலோனா ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்; இடம் ஒன்றுதான்.

விதாத்தின் அம்மா ஹோட்டலில் கக்கூஸ் கழுவுகிறவள். சுத்தம் என்றால் மூக்கில் ஏறவேண்டும் என்று வளர்ந்த பெண், புழு வளர்க்கும் தட்டுகளை பிளீச்சிங் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து மினுக்குவாள். எம்னா ஊற்றுத் தண்ணீரில் ஓர் அலசு அலசுவதோடு சரி. வழவழப்புகூடப் போகாது.

"இந்தப் பாசியில எப்படிடி பிழைக்குது உன் புழு?"

"எங்க வீட்டு அடுப்பங்கரையும் இப்படித்தான். நாங்கல்லாம் பிழைக்கலையா?" எம்னா லப்லாபி கொண்டைக்கடலைச் சூப்புக் கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சிரித்தாள்.

விதாத் உள்ளுக்குள் பொருமினாள். உழைக்கிறவள் நான், முளைப்பது அவளுக்கா? நல்ல புழுக்களை முன்னாடியே பொறுக்கிக்கொண்டாள், கள்ளி.

கடைசித் தவணைச் சோதனைக்கு இருவரும் புழுக்களை வெட்டி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்த நேரத்தில், விதாத் விஷம் கலக்காத தண்ணீர்த் தட்டுகளில் இருந்த துண்டுகளை இடம் மாற்றினாள். எம்னாவின் துண்டுகள் தன் தட்டில். தன்னுடையவை அந்த அழுக்குத் தட்டில்.

பேராசிரியை நஜீபா பார்க்க வந்த அன்று, விதாத்தின் தட்டில் சாம்பல் நிறச் சளிதான் மிஞ்சியிருந்தது. எம்னாவின் தட்டில் ஒவ்வொரு துண்டிலும் புதுத் தலை, அதில் இரண்டு கரும்புள்ளிக் கண்கள்.

"கைராசிக்காரிதான் நீ" என்றார் நஜீபா.

"என் கையில என்ன இருக்கு மேடம்? புழு நல்ல ஜாதி." எம்னா விதாத்தின் தட்டை முகர்ந்து முகம் சுளித்தாள். "அடிப்பாவி, பிளீச்சிங் நெடி அடிக்குதே! இதுல நானே கரைஞ்சுடுவேன்டி."

தலை முளைத்தவை தன் புழுக்கள் என்று விதாத் சொன்னால், அவை எம்னாவின் தட்டுக்கு எப்படிப் போயின என்றும் சொல்ல வேண்டும்.

"பார்சிலோனாவுக்கு நீயே போ, எம்னா. இந்தப் புழுக்களையும் கொண்டுபோ" என்றார் நஜீபா.

"நீயே கட்டிக் குடுடி" என்றாள் எம்னா விதாத்திடம். "சுத்தமா செய்வே."

விதாத் குப்பியில் ஊற்றுத் தண்ணீரை நிரப்பினாள். தன் புழுக்களை ஒவ்வொன்றாகத் தூரிகையால் எடுத்து அதற்குள் விட்டாள்.