மொனிட்டர் கப்பலில் கிடந்த இருவர்

வட்டக்கச்சியில் விமலேஸ்வரியைப் பற்றிக் கேட்டால், "ஐயோ, அந்த மனிசியோடை வாய் குடுத்துத் தப்பேலாது" என்பார்கள். உண்மைதான். கடலோரத்தில் தண்ணீர்க் குழாய் போட வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தன. காணாமற்போனவர்களின் தாய்மாரிடம் ஒப்பிட்டுப் பார்க்க இரத்தம் எடுக்கிறார்கள் என்று கிராம சேவகர் கடிதத்தோடு வந்தார். அவரை வாசற் படலையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் அவள்.

"என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான். இரத்தம் குடுத்தால் நானே அவனைச் சாக்காட்டினதாப் போயிடும்."

மூத்தவன் தயாபரன் 2009இல், போரின் கடைசி மாதங்களில், பதினேழு வயதில், மாத்தளன் கடற்கரையில் சனத்துக்குள் கைநழுவிப் போனவன். குடும்ப அட்டையில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது. படத்துக்கு மாலை போட விடமாட்டாள். இரத்தம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் வரை கெஞ்சிப் பார்த்த மகள் லக்சிகாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

லக்சிகா கனடாவில் இருந்து ஒருவர் நடத்தும் சரித்திர யூடியூப் சனலுக்குக் குரல் கொடுக்கிறவள். அறைக் கதவைச் சாத்தி, போர்வையால் மூடிக்கொண்டு வாசிப்பாள். அந்த நேரம் குசினியில் சட்டி கூடச் சத்தம் போடக்கூடாது. ஆகவே அன்று மத்தியானம் விமலேஸ்வரி கீரையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவின் உள்நாட்டுப் போர். வடக்கின் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் நின்று தெற்கின் துறைமுகங்களை அடைத்தன. உள்ளே உப்புக்கும் மருந்துக்கும் சனம் அலைந்தது. 'எங்கடை கதையைத்தான் வாசிக்கிறாளோ' என்று விமலேஸ்வரிக்கு எரிச்சல் வந்தது. பிறகு வடக்கின் இரும்புக் கப்பல் மொனிட்டர் வந்தது. அது 1862இன் கடைசி நாள் புயலில் கடலுக்குள் தாழ்ந்தது. பதினாறு பேர் போனார்கள். நூற்று நாற்பது வருடம் கழித்து அதன் பீரங்கிக் கூண்டைத் தூக்கினார்கள். உள்ளே இரண்டு பேரின் எலும்புகள்.

கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது.

லக்சிகா வெளியே வந்ததும் விமலேஸ்வரி அவளைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ரெண்டு பேரும் ஆரெண்டு கண்டுபிடிச்சவங்களே?"

"இல்லையம்மா. முகங்கூடச் செய்து பார்த்தவங்கள். பெயர் தெரியாமலேதான் அடக்கம் செய்தவங்கள்."

"ஏன், அமெரிக்காவிலை மெசின் இல்லையோ?"

"மெசின் இருந்தென்ன? தூரத்துச் சொந்தக்காரரின்ரை இரத்தத்தோடை ஒப்பிட்டும் சரிவரேல்லை; தாய்தேப்பன்ரை இரத்தம் இருந்திருந்தால் நிச்சயமாச் சொல்லியிருக்கலாம். அவையள் எப்பவோ செத்துப்போச்சினம்."

 விமலேஸ்வரிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. போன மாரிக்கு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தவள். பதினாறு வருடமாக, அவன் வரும்போது தான் இருக்கவேண்டும் என்றுதான் மருந்து குடித்தாள். தான் போன பிறகு அவன் மண்ணுக்குள் இருந்து வந்தால், இவன் இன்னான் என்று யார் சொல்வது?  தன் பிள்ளையை எலும்பாக நினைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, மகளுக்கு முதல் அவளே சேலை உடுத்து நின்றாள்.

இரத்தம் எடுத்த பொடியன் சின்னக் குப்பியில் இலக்கம் ஒட்டினான். அவள் கதிரையில் இருந்து எழும்பவில்லை.

"தம்பி, நான் செத்தாலும் இதை வைச்சிருப்பியளோ?"

"ஓம் அம்மா."

"அவன் வந்திட்டானெண்டால் ஊத்திப்போடுங்கோ, என்ன?"

பொடியன் தலையாட்டினான். அவளோ கதிரையை விடாமல், பொங்கிப் பொங்கி அழுதுகொண்டே சொன்னாள்:

"வராட்டில்... என்ரை பிள்ளை பெயரில்லாமல் கிடக்கக்கூடாது."