அம்மாவையும் பார்ப்பார்கள்

ரொட்டி ஆலையில் மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். முள் நடுங்கி நடுங்கித் தொண்ணூற்று இரண்டில் போய் நின்றது. மூன்று நாளாக மோரையும் முள்ளங்கியையும் தவிர வேறெதையும் தொடவில்லை. குறைந்தது இரண்டே கிலோ. சூடான ரொட்டி வாசனைக்கு நடுவே எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவளுக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்று அந்தத் தராசுக்குத் தெரியவில்லை. இறங்கி, மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, என் தங்கை ரம்சியாவுக்குப் போன் செய்தேன்.

"சரிடீ, நீயே போ. என்னால முடியல."

"அதைத்தானக்கா நான் முதல்லயே சொன்னேன்" என்றாள் அவள். "பதினோரு மணிக்கு நீல கவுன் போட்டுட்டு வந்துடுறேன்."

விஷயம் இதுதான். என் மகள் லெய்சானுக்குப் பத்து வயது. எங்கள் ஊஃபா நகரத்து பாலே நடனப் பள்ளியில் பத்து வயதுக் குழந்தைகளை மட்டும்தான் எடுப்பார்கள். அடுத்த வருடம் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முந்நூறு குழந்தைகள் வந்தார்கள், இடம் இருபது. உள்ளே போனால் எட்டு வருடப் படிப்பு, அதற்குப் பிறகு ஓபரா அரங்கில் வேலை. லெய்சானுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. ஃப்ரிட்ஜைக் காலால் திறப்பவள், பல் துலக்கும்போது ஒரு காலைக் கழுவுதொட்டி மேல் தூக்கி வைத்துக்கொள்பவள். காலை விரித்துப் பார்த்த முதல் சுற்றிலும், குதிக்கவிட்டுத் தாளம் தட்டச் சொன்ன இரண்டாம் சுற்றிலும் தேறிவிட்டாள். மூன்றாம் சுற்றுக்குத் தாயோ தகப்பனோ கூட வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எதற்கு என்று நான் நடைபாதையில் கேட்டபோது, தொப்பி வைத்த ஒல்லி அம்மா ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"குழந்தை நாளைக்கு எப்படி வளரும்னு அம்மாவப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு, அப்படியே அன்னப்பறவை மாதிரி இருந்தா. அவ அம்மா உள்ள வந்தாங்க. அதோட முடிஞ்சது."

சொல்லிவிட்டு என் இடுப்பைப் பார்த்தாள். அவளை அங்கேயே பிசைந்து அடுப்பில் வைத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. என் கணவர் ரிஃப்கத் ஒல்லிதான். ஆனால் டிராலிபஸ் ஓட்டுபவருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. ரம்சியா பிர்ச் மரம் மாதிரி ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். தபால் நிலையத்தில் உட்கார்ந்த இடத்திலேயே வேலை, ஆனாலும் ஒரு சுற்றுகூடப் பெருத்ததில்லை. அவளை அம்மாவாக அனுப்புவது என்று முடிவாயிற்று. லெய்சானைக் கூப்பிட்டு, உள்ளே போனால் சித்தியை அம்மா என்று சொல்ல வேண்டும் என்றேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரி" என்றாள். அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு அவர்கள் உள்ளே போனார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் தூணோரமாக நின்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். பச்சைத் துணி விரித்த மேசை, அதற்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் நினெல் யாகோவ்லெவ்னா. நாற்பது வருடமாகக் குழந்தைகளின் கால்களைப் பார்ப்பவர், அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாருமில்லை என்பார்கள். லெய்சான் என் பார்வைக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"இது யாரும்மா, கூட வந்திருக்கிறது?" என்று கேட்டார் நினெல்.

"அம்மா" என்றாள் என் மகள், கொஞ்சமும் தடுமாறாமல்.

நான்தான் சொல்லச் சொன்னேன். ஆனாலும் அந்த ஒரு சொல் நெஞ்சில் வந்து அடித்தது. பெற்று, பாலூட்டி, இரண்டு வேளையும் தலை பின்னிவிட்டவள் தூணுக்குப் பின்னால் திருடியைப் போல நிற்கிறேன். நீல கவுன் போட்டவள் அம்மாவாகிவிட்டாள். நிஜமாகவே அழுகை வந்தது.

"நீங்க கொஞ்சம் முன்னால குனிங்க. முழங்கால் மடங்கக் கூடாது" என்றார் நினெல்.

ரம்சியா குனிந்தாள். கை முழங்காலோடு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் என்றார்கள். அவளிடம் இன்னும் கொஞ்சம் இல்லை. முதுகில் ஏதும் அடிபட்டதா என்று கேட்டார்கள். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தார்கள். இஸ்திரிப்பெட்டியின் அடிப்பக்கம் போல் தட்டை. இத்தனை வருடத்தில் நான் கவனித்ததே இல்லை. நினெல் பேனாவை எடுத்தார்.

"குழந்தை கால் இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மாவப் பாத்தா பயமா இருக்கு. பதிமூணு வயசுல இறுகிப்போயிடும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

அவ்வளவுதான், என் கால் தானாக உள்ளே போய்விட்டது.

"எழுதாதீங்க. அவ என் தங்கச்சி. நான்தான் அம்மா."

மூலையில் பியானோ வாசிக்க உட்கார்ந்திருந்த பெண்ணின் கை கட்டையில் விழுந்து ஒரு தப்பு ஸ்வரம் கேட்டது. நினெல் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"அப்ப எதுக்கு இவங்களை அனுப்பினீங்க?"

"நான் குண்டா இருக்கேன்ல."

"நாங்க என்ன இங்க மாட்டுச் சந்தையா நடத்துறோம்?"

"பல்லை மட்டும்தான் பாக்கல" என்று முணுமுணுத்தாள் பியானோக்காரி. யாரும் சிரிக்கவில்லை.

"செருப்பைக் கழட்டுங்க" என்றார் நினெல்.

கழற்றினேன். எழுபது வயது மனுஷி மேசையைச் சுற்றி வந்து, எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தைக் கையில் எடுத்தார். நீட்டச் சொன்னார். நீட்டினேன். மேற்பாதம் வில்லாக வளைந்தது. எனக்கு அது எப்போதும் தொந்தரவுதான். குளிர்காலத்துக்கு வாங்கும் எந்த பூட்ஸின் ஜிப்பும் அந்த மேட்டுக்கு மேல் ஏறாது. நினெல் அதைத் தடவிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், மற்ற நால்வரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்தக் காலை இவ்வளவு நாளா எங்க வச்சிருந்தீங்க?"

"ரப்பர் பூட்ஸுக்குள்ள."

குனியச் சொன்னார். குனிந்தேன். உள்ளங்கை இரண்டும் தரையில் படிந்தன, கவுனின் இடுப்புத் தையல் பட்டென்று விட்டது. எடை கேட்டார். தொண்ணூற்று இரண்டு என்றேன், மூன்று நாள் முன்பு தொண்ணூற்று நாலு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். அது எந்தப் பக்கம் சேரும் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு லெய்சான் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் பொய் சொன்ன?"

"மேசைக்கு முன்னால நின்னா சொன்னதை மட்டும் செய்யணும், கேள்வி கேக்கக் கூடாதுன்னு போன சுத்துல நீங்கதான் சொன்னீங்க" என்றாள் அவள்.

"வெளியில இருங்க. நாலு மணிக்கு லிஸ்ட் ஒட்டுவோம்" என்றார் நினெல். குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ரம்சியா கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "என் முதுகு அவ்வளவு மோசமாவாக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவமானம் தாங்காமல் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை ரிஃப்கத்தின் டிராலிபஸ் வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ந்து போனது. ஜன்னல் வழியாக முகவாயைத் தூக்கி "என்னாச்சு?" என்பார். நான் கையை விரிப்பேன். பஸ்ஸில் இருந்தவர்களும் மூன்றாம் நடைக்கு எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சித்திய எப்படிடீ அவ்வளவு சுலபமா அம்மான்னு சொன்ன?"

லெய்சான் பெஞ்சின் முதுகில் ஒரு காலைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

"நான் எங்க சித்தியப் பாத்துச் சொன்னேன்? கதவுப் பக்கம் பாத்துதான் சொன்னேன். இடுக்குல உன் மூக்கு தெரிஞ்சுது."

கைக்குட்டையைத் தேடுவது போல் பையைக் குடைந்தேன். இடம் கிடைக்காமல் போனால் அதற்கு என் பொய்தான் காரணமாக இருக்கும், இவள் இதே மாதிரிதான் பெஞ்சில் காலைப் போட்டுக்கொண்டு எதையும் கேட்காமல் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. பசைக் கிண்ணமும் தாளுமாக ஒருத்தி வந்து சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். அத்தனை அம்மாக்களும் ஒரே பாய்ச்சலாய்ப் போய் மொய்த்தார்கள். எல்லாம் ஒல்லி. தொப்பிக்காரியும் அதில் இருந்தாள். நான் தோளைக் கொடுத்தேன். தொண்ணூற்று இரண்டு கிலோவும் ஒன்றாக முன்னால் நகர்ந்தது, இரண்டு பக்கமும் வழி விட்டார்கள். என் கவுனைப் பிடித்துக்கொண்டு லெய்சான் பின்னாலேயே வந்தாள். ஆனாலும் முன்வரிசைக்காரிகளின் தலைகள் மறைத்தன. எழுத்து வேறு பொடி எழுத்து. கண்ணாடியை ஆலையிலேயே மறந்து வைத்திருந்தேன்.

திரும்பி, குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தேன். லெய்சான் செருப்பை உதறிவிட்டு ஏறி நின்றாள். நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, பிறகு தோளுயரத்துக்கு, பிறகு எல்லாத் தலைகளுக்கும் மேலே தூக்கினேன்.

"மேல இருந்து படி" என்றேன்.

அவள் படித்தாள். வாய்க்குள்ளேயே ஒவ்வொரு பெயராக. எனக்கு அவள் முகம் தெரியவில்லை, சுவர் தெரியவில்லை, கவுனின் இன்னொரு தையலும் விட்டதைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியவில்லை. பாதங்கள் என் கைகளில் தட்டையாக, கனமாக, அசையாமல் இருந்தன. பத்தாவது பெயர், பன்னிரண்டாவது. பிறகு ஒரு பெயரில் முணுமுணுப்பு நின்றது. என் உள்ளங்கைகளில் குதிகால்கள் மெல்ல மேலெழுந்தன. பாதங்கள் நீண்டன, வளைந்தன, விரல்நுனி மட்டும் என் கையில் ஊன்றி நின்றது.