கடைசி இரண்டடி

பதினெட்டாவது குழிக்கு இரண்டடி தள்ளி நின்ற பந்தை டூகல் பிட்கேர்ன் குனிந்து எடுத்தார். கைக்குட்டையால் துடைத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு தொப்பியைக் கழற்றி, கூட ஆடிய இன்னெஸ் ரேட்ரேயின் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். அடிகளின் கணக்கு எழுதும் அட்டையில் கடைசிக் கட்டத்தில் ஐந்து என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, வாசலில் இருந்த பெட்டிக்குள் அதைச் செருகினார்கள். கில்ராக்கி கோல்ஃப் சங்கத்தில் முப்பத்தொரு வருடமாக உறுப்பினர், ஐம்பத்தேழு வயது, ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், இலையுதிர்காலக் கோப்பையை அப்போதுதான் ஜெயித்திருந்தவர். அப்படிப்பட்டவர் செய்த காரியம் இது.

ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆடும் நாளாக இருந்தால் இதில் ஒரு தப்பும் இல்லை. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றால் எதிராளி "போதும், எடு" என்பார். விழுந்ததாகக் கணக்கு வைத்து எடுத்துக்கொள்ளலாம். கில்ராக்கியில் அது காலை வணக்கம் மாதிரி, யோசிக்காமலே வாயில் வரும். ஆனால் அந்தச் சனிக்கிழமை அட்டை நாள், அது வேறு. அன்றைக்கு ஒவ்வொரு அடியும் எழுத்தில் ஏறும், குறைந்த அடியில் முடிப்பவருக்கே கோப்பை. யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. பந்து குழிக்குள் விழுந்து, டொக் என்று தானே சொல்ல வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் இஷ்பெல் டால்கார்னோ மாடிப்படியில் மூச்சு வாங்க இறங்கி வந்தபோது, டூகல் மதுக்கூடத்தில், கோப்பை ஜெயித்தவர்களின் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, தன் பெயருக்குத் தங்க எழுத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"மிஸ்டர் பிட்கேர்ன், கடைசிப் பந்தைக் குழியில போட்டீங்களா?"

"போட்ட மாதிரிதான்."

"மாதிரியெல்லாம் எனக்கு வேணாம். போட்டீங்களா, இல்லையா?"

டூகல் பையைத் தொட்டுப் பார்த்தார். பந்து உருண்டையாக, சூடாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என் பாக்கெட்ல இருக்கு."

"அப்ப குழியில இல்ல." இஷ்பெல் பெட்டியிலிருந்து எடுத்து வந்த அட்டையின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். "நான் மேலேர்ந்து பார்த்துட்டு ஓடி வர்றதுக்குள்ள அட்டையைப் பெட்டியில போட்டுட்டீங்க. அதுக்கு முன்னாடி பிடிச்சிருந்தா, ஒரு அடி அபராதத்தோட திரும்பப் போய் வெச்சு அடிக்கச் சொல்லியிருப்பேன். இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல. நீக்கம்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "யாராவது உங்களை எடுக்கச் சொன்னாங்களா?"

டூகல் இன்னெஸைப் பார்த்தார். இன்னெஸ் தன் சூப்பைப் பார்த்தார். ஆறி ஏடு கட்டிப்போன சூப்பை உதடு குவித்து ஊதிக்கொண்டிருந்தார்.

"இல்ல. நானாத்தான் எடுத்தேன். மறந்துட்டேன்."

அதற்குள் கூடத்தில் செய்தி பரவிவிட்டது. "இருபத்தாறு வருஷமா ஊர்ப் பசங்களை சிவப்பு விளக்குல நிக்கச் சொன்ன மனுஷன், கடைசி விளக்குல நிக்காமப் போயிட்டாரு" என்றது ஒரு குரல். "பாக்கெட்டும் குழிதானே, அதுக்கு ஒரு கோப்பை குடுங்கப்பா" என்றது இன்னொன்று. டூகல் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் கோப்பை, பல் டாக்டர் கேமரனுக்குப் போனது. அவர் பெயர் பலகையில் ஏற்கெனவே நான்கு இடத்தில் இருக்கிறது. பலகையைத் துடைப்பவருக்கே அந்தப் பெயர் அலுத்துவிட்டது.

*

டூகலின் ஆட்டத்தைப் பற்றி உண்மையாகச் சொன்னால், அவர் பந்தை அடித்ததைவிடத் தேடிய நேரம் அதிகம். திறமைக் குறைவுக்கு ஏற்றபடி சங்கம் ஒவ்வொருவருக்கும் அடிகளில் ஒரு தள்ளுபடி தரும். பத்தொன்பது வருடமாக டூகலின் தள்ளுபடி இருபத்திரண்டு. சாகும்போது கல்லறைக் கல்லில் பிறந்த தேதி, இறந்த தேதி, நடுவில் இருபத்திரண்டு என்று பொறித்துவிடலாம் என்று மனைவி மொரேக் சொல்வாள்.

போன குளிர்காலத்தில் அவருக்கு வெறி பிடித்தது. நடைக்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி மாட்டி, அதன் முன்னால் மட்டையைச் சுழற்றினார். இரண்டாம் நாளே மொரேக்கின் அத்தை கொடுத்த மேசைவிளக்கு போயிற்று. "பரவாயில்ல, அத்தையும் போயிட்டா" என்றாள் மொரேக். பயிற்சியாளர் ஸ்ட்ரூவன் அவர் அடிப்பதைக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினான். சட்டைக்குள் குளவி புகுந்த ஒரு கிழவன் அதில் துள்ளிக்கொண்டிருந்தான். "இது யாரு?" என்று டூகல் உண்மையாகவே கேட்டார்.

காரில் பக்கத்தில் உட்கார்ந்து, பதினேழு வயதுப் பெண்களிடம் "ஸ்டியரிங்கைப் பார்க்காதே, ரோட்டைப் பார்" என்று சொல்பவர், இங்கே தனக்குத்தானே "ரோட்டைப் பார்க்காதே, பந்தைப் பார்" என்று சொல்லிக்கொண்டார். பிப்ரவரி மழையில் கடற்கரை ஓரமாக நின்று ஒரு வாளிப் பந்து, இன்னொரு வாளிப் பந்து. நீண்ட அடி, நடுத்தர அடி, மணல் பள்ளத்திலிருந்து எடுக்கும் அடி எல்லாம் பழகினார். இரண்டடி தூரத்துக்கு மட்டும் பழகவில்லை. பழக என்ன இருக்கிறது? அதை அடித்துப் பார்க்கவே தேவை வந்ததில்லை. வாரம் தவறாமல் புதன்கிழமை கூட ஆடும் இன்னெஸ், பந்து குழியை நெருங்கும் முன்பே "போதும், எடு" என்று சொல்லிவிடுவார். அட்டை நாட்களிலோ, கோப்பை பத்தாவது குழிக்கு முன்பே கைவிட்டுப் போயிருக்கும். அதற்கப்புறம் இரண்டடியை யார் கணக்கு வைத்தார்கள்?

ஆகஸ்டுக்குள் தள்ளுபடி பதினேழாக இறங்கியது. அந்த சனிக்கிழமையோ, வாழ்க்கையில் இல்லாத ஆட்டம். ஏழாவது குழியில், ஓடைக்கு மேலே, எதிர்க்காற்றில் அவர் ஒரு அடி அடித்தார். கையில் ஒன்றும் தெரியவில்லை. வெண்ணெயில் கத்தி போன மாதிரி இருந்தது. பந்து மஞ்சள் முட்புதர்களுக்கு மேலே ஏறி, காற்றில் ஒரு கணம் நின்று யோசித்து, கொடிக்கு ஆறடியில் போய் உட்கார்ந்தது. டூகல் மட்டையை இறக்கவே இல்லை. அப்படியே நின்றார். இந்த ஒரு அடிக்காகத்தான் முப்பத்தொரு வருடம் நனைந்தோம் என்று தோன்றியது. இன்னொரு முப்பத்தொன்று நனையலாம் என்றும் தோன்றியது.

"அடிச்சது நீதானா?" என்றார் இன்னெஸ்.

"நான் இல்ல. யாரோ என் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்."

கடைசிக் குழிக்கு வரும்போது கணக்கு இருவருக்கும் தெரியும். இந்தப் பந்து விழுந்தால் மொத்தம் எண்பத்துநான்கு, தள்ளுபடி போக அறுபத்தேழு. பல் டாக்டர் அறுபத்தெட்டு. பாக்கி இரண்டடி தூரம், ஓரடி வேலை. மாடி ஜன்னலில் ஏழெட்டு முகங்கள். அப்போதுதான் டூகலின் காதில் விழுந்தது, ஒன்பது வருடமாகக் கேட்டுப் பழகிய அதே குரலில்: "போதும், எடு."

எடுத்தார்.

*

"விழுந்திருக்குமா?" என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது மொரேக்கிடம் கேட்டார்.

"எது?"

"பந்து. நான் அடிச்சிருந்தா."

"விழாம எங்க போகும். கொத்துக்கறி ஆறுது, சாப்பிடு."

"நீ அதைப் பார்க்கக்கூட இல்ல."

"அதனாலதான் இவ்வளவு நிச்சயமா சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரூவனைக் கேட்டார். "நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது தடவை விழும், மிஸ்டர் பிட்கேர்ன்" என்றான் அவன். அடுத்த பயிற்சிக்கு நாள் குறிக்கும் நோட்டு அவன் கையில் திறந்திருந்தது. மீதி இருக்கும் அந்த ஒரு தடவை எந்த நாளில் வரும் என்று டூகல் கேட்க நினைத்தார், கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, ஆள் வருவதற்கு முன்பே, பதினெட்டாவது குழிக்குத் தனியாகப் போனார். அதே இடம். பாதத்தால் இரண்டு பாதம் அளந்து பந்தை வைத்தார். டொக். மறுபடி வைத்தார். டொக். ஏழு தடவை வைத்தார், ஏழு தடவையும் டொக். மார்பு விரிந்தது. எட்டாவது பந்துக்குக் குனிந்தபோது மாடி ஜன்னலில் ஏதோ அசைந்தது. இஷ்பெல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டிருந்தாள், பாவம், வெளிச்சத்துக்கு. அடித்த பந்து குழியின் விளிம்பைச் சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மறுபுறம் ஓரடி தள்ளிப் போய் நின்றது.

ஜன்னல் கண்ணாடியின் ஒளி கண்ணில் பட்டுவிட்டது, புல் ஈரம், எட்டாவது என்றாலே களைப்பு. இப்படி வீடு போய்ச் சேரும்வரை டூகல் பதினொரு காரணம் கண்டுபிடித்தார். பன்னிரண்டாவது காரணம் வாசலிலேயே நின்றது. அதை உள்ளே அழைக்கவில்லை.

*

புதன்கிழமை வழக்கம்போல இன்னெஸ் இறைச்சிக் கடையை மூன்று மணிக்கு மூடிவிட்டு வந்தார். கையில் ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட இரண்டு ரொட்டி, காகிதத்தில் சுற்றி. நான்காவது குழியின் பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவது அவர்களுடைய சட்டம். இன்றைக்கு முதல் குழி முடியும்வரை இருவரும் காற்றைப் பற்றி மட்டும் பேசினார்கள். கில்ராக்கியில் காற்றைப் பற்றிப் பேச எப்போதும் ஏதாவது இருக்கும்.

இரண்டாவது குழியில் டூகலின் பந்து உருண்டு வந்து, சரியாக இரண்டடியில் நின்றது. இன்னெஸின் வாய் பழக்கத்தில் திறந்தது.

"சொல்லாதே" என்றார் டூகல்.

இன்னெஸ் வாயை மூடிக்கொண்டார்.

"சனிக்கிழமை சொன்னது நீதானே?"

"என்ன சொன்னது?"

"இன்னெஸ். சூப்பையே ஊதிக்கிட்டிருந்தியே, அப்பவே தெரியும். இஷ்பெல் கேட்டப்போ நான் உன்னைக் காட்டிக் குடுக்கல."

"தெரியும். அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"வாய் தவறி வந்துதா? புதன்கிழமைன்னு நெனச்சிட்டியா?"

இன்னெஸ் மட்டையின் முனையால் புல்லில் ஒரு மண்புழு மேட்டைத் தட்டிச் சமமாக்கினார். அவசரமில்லாத மனிதர். கறி வெட்டும்போதும் அப்படித்தான், எலும்பு எங்கே இருக்கிறதென்று விரலால் பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைப்பார்.

"இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

டூகலுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் வார்த்தைகளை எங்கேயோ விட்டுவிட்டு வந்தது.

"ஏண்டா? பொறாமையா?"

"பலகையில என் பேரும் இல்ல. ஆனா அதுக்காக இல்ல."

"அட்டைப் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடியாவது சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டியே, பாவி. அஞ்சுன்னு எழுதினதுக்குக் கீழ உன் பேரை எழுதினியே."

"போட்டேன்."

"தவறவிட்டிருந்தாக்கூட அடுத்த அடியில போட்டு, பல் டாக்டரோட சமமாகியிருப்பேன். சமம்டா."

"அடுத்த அடியிலயும் போட்டிருக்க மாட்டே." இன்னெஸ் அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்துப் பேசினார். "ஒன்பது வருஷம் முன்னாடி, கேப்டன் தின ஆட்டத்துல, பதினேழாவதுல, ஓரடி தூரம். ஞாபகம் இருக்கா? முதல்ல தவறிச்சு. திரும்ப அடிச்சே, அதுவும் தவறிச்சு. மூணாவதும். அப்புறம் மட்டையைக் கடல்ல எறிஞ்சிட்டு, கருவிக் கொட்டகைக்குப் பின்னாடி போய் நின்னே. அழலன்னு சொன்னே. ஆறு வாரம் இந்தப் பக்கமே வரல. மொரேக் எனக்கு போன் பண்ணினா. வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான், என்ன பண்றதுன்னே தெரியலன்னா. அன்னிலேர்ந்துதான் உனக்கு ரெண்டடி, மூணடி எல்லாம் விட்டுக் குடுத்தேன்."

"எல்லாரும் விட்டுக் குடுக்கறதுதானேன்னு இருந்தேன்."

"எல்லாரும் ஒரு ஜாண் குடுப்பாங்க. நான் உனக்கு நாலடி வரைக்கும் குடுத்திருக்கேன். நீ ஒரு தடவைகூட ஏன்னு கேட்டதில்ல."

டூகல் கேட்கவில்லைதான். தன் பந்து தானாகவே குழிக்கு அவ்வளவு பக்கத்தில் போய் நிற்கும் ஜாதி என்று நினைத்திருந்தார்.

"சனிக்கிழமை ஜன்னல்ல அத்தனை பேரு" என்றார் இன்னெஸ். "நீ பந்தைப் பார்க்கல, ஜன்னலைப் பார்த்தே. மட்டை ஆடுச்சு. இவ்வளவு நல்லா ஆடின மனுஷனை அங்க நிக்க வெச்சு ஊரே பார்க்குதேன்னு எனக்குப் பொறுக்கல. எடுத்துட்டா நீக்கம்தான், தெரியும். ஆனா நீக்கம்னா ஒரு கதை இருக்கு. எனக்கு வர வேண்டிய கோப்பை, மறதியில போச்சுன்னு சாகற வரைக்கும் சொல்லலாம். எல்லாரும் சிரிப்பாங்க, நீயும் சிரிப்பே. தவறவிட்டா என்னன்னு சொல்லுவே?"

காற்று கொடியைப் பிடித்து உலுக்கியது. டூகல் பந்தைப் பார்த்தார். இரண்டடி. குழியைச் சுற்றிப் புல் வெட்டப்பட்டு, வழி தெளிவாக, மேடு பள்ளம் இல்லாமல், கார் கற்றுக்கொள்ளும் பிள்ளையை முதல் நாள் விடும் காலி மைதானம் மாதிரி இருந்தது. கதையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நல்ல கதை, இன்னெஸ் சொன்னது சரி. சனிக்கிழமையிலிருந்து நான்கு பேரிடம் சொல்லியும் ஆயிற்று, ஒவ்வொரு முறையும் பந்து குழிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது.

"எல்லாரையும் கேட்டுட்டேன்" என்றார். "மொரேக்கைக் கேட்டேன், ஸ்ட்ரூவனைக் கேட்டேன். நீ மட்டும்தான் பக்கத்துல நின்னு பார்த்தே. சனிக்கிழமை நான் அடிச்சிருந்தா விழுந்திருக்குமா?"

இன்னெஸ் கடலிலிருந்து முகத்தைத் திருப்பி, அன்றைக்கு முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"விழுந்திருக்காது, டூகல்."