ஐந்தாம் கட்டத்தில் பதினொரு போர்டுகள்

1. அறிமுகம்

“எழுதிக் குடுங்க சார்.”

கதை இந்த வரியில்தான் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்திருக்கிறேன். வேறு எதையும் முடிவு செய்யவில்லை. கடலூரில் ஒரு செல்போன், டேப்லெட் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஸ்ரீமதி தன் மேனேஜர் செந்தமிழ்செல்வனிடம் இதைக் கேட்கிறாள். கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொன்னார்கள். வீட்டிலும் சொன்னார்கள். அண்ணாகிராமத்தில் முந்திரி மூட்டை தூக்கும் அவள் அப்பா கலியமூர்த்தி, “யார்கிட்டயும் எழுதிக் குடுன்னு மட்டும் கேட்டுறாதம்மா. வாயால சொன்னதோட விட்டுரு. எழுதச் சொன்னா பகையாயிரும்” என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார்.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் அறைச் சுவரில் ஒரு கோடு வரைந்து மாட்டியிருக்கிறது. ஏறி, சமமாகி, இறங்கும் கோடு. கம்பெனி விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து கட்டம்: அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு, நிறுத்தம். பி.பி.ஏ. பரீட்சையில் இந்தக் கேள்விக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான். எங்கள் வீட்டின் முதல் டிகிரி. ஐந்தாம் கட்டம் வந்தால் ஒருத்தி கவுண்டரில் உட்கார்ந்து பொய் சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை. அந்த ஒரு மார்க் அதற்குத்தான் போயிருக்கும்.

2. வளர்ச்சி

(அடித்த தொடக்கம்: “வங்கக் கடலின் உப்புக்காற்று தவழ்ந்து வந்து அவள் கூந்தலை—” பொய். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தவழ்ந்து வருவது டீசல் புகை. கவுண்டர் ஃபேன்கூடக் கஸ்டமர் பக்கம்தான் திரும்பியிருக்கும்.)

செவ்வாய்க்கிழமை. சிதம்பரத்திலிருந்து முஹம்மது இஸ்மாயில் என்பவர் வருகிறார். குவைத்தில் இருபது வருஷம் டிரைவராக இருந்தவர். அங்கிருந்து மகளுக்கு வாங்கி வந்த டேப்லெட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கவுண்டரில் கிடத்துகிறார்.

“நாலு நாளா கண்ணத் தொறக்கல பாப்பா. பாத்துச் சொல்லு. ஆஸ்பத்திரியா, அடக்கமா?”

ஸ்ரீமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சார்ஜ் ஏறலியா பாய்?”

“அதான். பஜார்ல காட்டுனேன். இதுக்கு சாமான் கெடைக்காது, கம்பெனிக்கே போங்கன்னுட்டான். எம் பொண்ணு நஜியா நர்ஸிங் கடைசி வருஷம். மூணு வருஷமா எழுதுன நோட்ஸு அத்தனையும் இதுக்குள்ளதான் கெடக்கு. திங்கக்கெழம பரீட்ச.”

“வேற எதுலயும் ஏத்தி வெக்கலியா?”

“நாளைக்கு, நாளைக்குன்னா. நானும் ஊருக்கு வர்றத இருபது வருஷம் அப்பிடித்தான் சொன்னேன். எம் புள்ளதான?”

உள்ளே டெக்னீஷியன் சார்லஸ் திறந்து பார்த்தான். “சார்ஜிங் போர்டு மட்டுந்தான். பத்து நிமிஷ வேல.” அந்தச் சின்ன போர்டு பின்னறை அட்டைப்பெட்டியில் பதினொன்று இருந்தது. ஆனால் இந்த மாடல் போன மாதம் ஐந்தாம் கட்டத்துக்குப் போய்விட்டது. கட்டம் மாறினால் மிச்சமிருக்கும் பாகங்களைக் கட்டரால் இரண்டிரண்டாக வெட்டி, வரிசையாக அடுக்கி, போட்டோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் நல்ல பாகங்கள். ‘நிறுத்திட்டோம்’ என்பது கஸ்டமர் காதில் விழவே கூடாது. ‘மெயின் போர்டு போயிருச்சு’ என்றுதான் சொல்ல வேண்டும், ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிச் சொன்னால் யாரும் சண்டை போடுவதில்லை, சாவுச் செய்தி கேட்ட மாதிரி தலையாட்டுகிறார்கள். பிறகு பழையதை எக்ஸ்சேஞ்சில் வாங்கிப் போட்டுக்கொண்டு புதியதைத் தலையில் கட்டுவது.

3. முதிர்ச்சி

[எழுதவில்லை. வேலைக்கு வந்து பதினாலு மாதம். இந்தக் கட்டம் எனக்கு வந்த மாதிரியே தெரியவில்லை.]

4. சரிவு

“எழுதிக் குடுங்க சார்,” என்றாள் ஸ்ரீமதி.

“எத?”

“போர்டு இருக்கு, ஆனா போடக்கூடாதுன்னு. உங்க கையெழுத்தோட. அத அந்த பாய்கிட்ட காட்டுறேன்.”

செந்தமிழ்செல்வன் சிரித்தார். “நா இன்னா கலெக்டராம்மா? எனக்கே யாரும் எழுதிக் குடுக்கல. அவுங்க போன்ல சொன்னாங்க, நா உனக்குச் சொல்றேன், நீ அவருக்குச் சொல்லு. நடுவுல பேப்பர் எங்கேருந்து வந்துச்சு?”

“ரிப்போர்ட்ல எங் கையெழுத்துதான சார் இருக்குது?”

“கவுண்டர்ல இருக்கறவங்கதான் போடணும்.”

[இந்த ஆளைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. டிபன் பாக்ஸில் இருக்கும் ஒரே முட்டையில் பாதியைச் சார்லஸுக்குக் கொடுக்கிறவர். அதனால் பொய் ஒன்றும் பாதியாகிவிடவில்லை.]

அடுத்து என்ன? முடிவு ஒன்று: மேனேஜர் மனம் மாறுகிறார். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது, அடித்துவிட்டேன். முடிவு இரண்டு: பாய் வீடியோ எடுத்துப் போட, ஊரே பார்த்து, கம்பெனி மன்னிப்பு— வேண்டாம். அவருக்குப் போனில் டார்ச் மட்டும்தான் போடத் தெரியும்.

முடிவு மூன்று, நடந்தது. ஸ்ரீமதி எதையும் கேட்கவில்லை. ஸ்ரீமதி என்று ஒருத்தியே இல்லை. செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் இருந்தது நான். “மெயின் போர்டு போயிருச்சு பாய். நோட்ஸும் வராது,” என்றேன். சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. கையெழுத்தும் போட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நீ இன்னா பண்ணுவ பாப்பா. படிச்ச புள்ள, பொய்யா சொல்லப் போற?” என்றார். பழையதை விட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டு போனார்.

5. நிறுத்தம்

இன்று வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கம் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டேப்லெட் இன்னும் பின்னறைச் சாக்கில் கிடக்கிறது. சாக்கு நாளைக்குத்தான் சென்னைக்குப் போகும். பதினொரு போர்டையும் நாளைக்குத்தான் வெட்ட வேண்டும். கதையில் கேட்டுவிட்டவளை மறுபடி நாற்காலியில் உட்கார வைக்கப் பார்க்கிறேன். உட்கார மாட்டேன் என்கிறாள்.

இதுவரை எழுதியது சாப்பாட்டு நேரத்தில். இனி வருவது எழுந்த பிறகு. இதையும் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். ‘நான்’ என்று எழுதினால் அடுத்த வரியிலேயே அடித்துவிடுகிறேன்.

“சார்லஸ், அந்த டேப்லெட்டுக்கு போர்டு போடு.”

“சாருக்குத் தெரிஞ்சா?”

“தெரியும். நானே சொல்லப் போறேன்.”

பத்து நிமிஷ வேலையை எட்டு நிமிஷத்தில் முடித்தான். திரையில் பேட்டரிப் படம் வந்தது. அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை. உள்ளே இருப்பது நஜியாவுடையது.

மேனேஜர் மேசையில் ஒரு தாளை வைத்தாள்.

“இன்னாம்மா இது?”

“நாளைக்கு போட்டோல பத்து போர்டுதான் சார் இருக்கும். பதினொண்ணாவது எங்க போச்சுன்னு எழுதியிருக்கேன். செவ்வாக்கெழம நான் குடுத்த ரிப்போர்ட் பொய்ன்னும் எழுதியிருக்கேன். நீங்க போட வேணாம். எங் கையெழுத்து கீழ இருக்கு.”

அவர் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். “எடுத்துட்டுப் போ. நா எதையும் பாக்கல. நாளைக்கு வழக்கம்போல வா. எழுதி மட்டும் வெக்காதம்மா.”

[முடிவு நான்கு இதுதான். தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டால் வேலையும் இருக்கும், டேப்லெட்டும் சிதம்பரம் போய்ச் சேரும். யாருக்கும் நஷ்டமில்லை. உங்களுக்கு இது போதுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நஜியா என்ன எழுதினாள், கம்பெனி என்ன செய்தது, அப்பா என்ன சொன்னார், எதையும் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் பாடு.]

“டோக்கன் பத்தொம்போது நிக்கிறாரும்மா!” என்று முன்னாலிருந்து ஒரு குரல்.

ஃபேன் காற்றில் தாள் ஓரம் படபடத்தது. அவள் பேப்பர் வெயிட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். டேப்லெட்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, டோக்கன் பத்தொன்பதைத் தாண்டி, கதவைத் தள்ளி, சிதம்பரம் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.